ஓர் உடம்பு, ஆறு திணைக்களம்: திருகோணமலை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுத் தலைவர் அவர்களுக்கும், அரசாங்க அதிபர் அவர்களுக்கும், சுகாதாரம், விவசாயம், கமநலம், சுற்றாடல், நீர்வழங்கல், உள்ளூராட்சி ஆகிய துறைகளின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் இந்த மாவட்டத்துப் பாடசாலைகளில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன். வைத்தியன் அல்ல, எந்தக் கட்சிக்காரனும் அல்ல. உங்கள் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் ஒரு விடயத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பதற்காக இதை எழுதுகிறேன். எங்கள் சனங்களின் உடம்புக்குள் போகும் இரசாயனங்களை நீங்கள் ஆறு துறையாகப் பிரித்து வைத்துப் பார்க்கிறீர்கள். புற்றுநோய் என்று வரும்போது அந்தப் பிரிப்பு எங்களுக்கு உதவாது. அவற்றைச் சேர்த்துப் பாருங்கள்.

தம்பலகாமம் பக்கத்து வயல்காரர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். யாரென்று கேட்க வேண்டாம், உங்கள் எல்லாருக்கும் தெரிந்த ஆள்தான். விடியற்காலையில் வரம்பில் நின்று ஒரு பூச்சிமருந்தையும் ஒரு பூஞ்சண மருந்தையும் ஒரே டாங்கியில் ஊற்றித் தடியால் கலக்குகிறார். இரண்டு தரம் அடித்தால் இரண்டு நாள் கூலி, சேர்த்து அடித்தால் ஒரு நாளில் முடிந்துவிடும். கையுறை இல்லை. கொடுப்புக்குள் வெற்றிலை, பாக்கு, புகையிலை. மருந்து பட்ட விரலாலேயே சுண்ணாம்பைத் தொட்டு நாக்கில் தடவிக்கொள்கிறார். மத்தியானம் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் கக்கும் டீசல் புகையோடு வீட்டுக்கு வருகிறார். கூரை அஸ்பெஸ்டஸ் சீற், போன மாதம்தான் கிரைண்டரால் வெட்டிப் பொருத்தினது. குசினியில் விறகடுப்பு. பின்னேரம் கால் போத்தல் சாராயமும் இரண்டு மூன்று சிகரெட்டும்.

இதில் மருந்து விவசாயத் திணைக்களத்தின் பொறுப்பு, அதை அடிக்கும் போகத்தைத் திட்டமிடுவது கமநலம். வெற்றிலையும் சாராயமும் சுகாதாரப் பகுதி. புகை சுற்றாடல் அதிகாரசபை. குடிக்கிற தண்ணீர் நீர்வழங்கல் சபை. உடைந்த சீற்றை அள்ள வேண்டியது பிரதேச சபை. ஒவ்வொருவரும் தங்கள் பங்கை அளந்து ‘அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள்தான் இருக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்து வைக்கலாம். அது பொய்யாகவும் இருக்காது. ஆனால் அந்த மனிதரின் ஈரலுக்கும் நுரையீரலுக்கும் வாய்க்கும் கோப்புப் பிரிக்கத் தெரியாது.

நேர்வாளத்திலிருந்து தொடங்குகிறேன். எங்கள் நாட்டு வைத்தியத்தில் பேதிக்குக் கொடுக்கும் சரக்கு அது. சுத்தி செய்யாமல் கொடுத்தால் ஆளையே சாய்த்துவிடும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அந்த நேர்வாள எண்ணெய்க்குப் புற்றுநோய் ஆராய்ச்சியிலும் ஓர் இடம் உண்டு. ஒக்ஸ்போர்டில் பெரன்ப்ளம், ஷுபிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலிகளின் தோலில் ஒரு புற்றுநோய்க் காரணியை ஒரேயொரு தடவை, மிகச் சிறிய அளவில் பூசினார்கள். அதோடு விட்டால் கட்டி வரவில்லை. நேர்வாள எண்ணெயை மட்டும் தொடர்ந்து பூசிப் பார்த்தாலும் கட்டி அரிதுதான். முதலில் காரணியை ஒரு தரம், அப்புறம் நேர்வாள எண்ணெயைத் திரும்பத் திரும்ப என்று பூசியபோதுதான் கட்டிகள் வரிசையாக முளைத்தன. இரண்டுக்கும் நடுவில் பல வாரங்கள் விட்டாலும் முளைத்தன. வரிசையை மாற்றி எண்ணெயை முதலில் பூசினால் அந்த விளைவு இல்லை. 1947 இல் வெளிவந்த இந்த முடிவு இன்றைக்கும் பாடநூல்களில் இருக்கிறது.

இதை ஒரு அனுமதிப்பத்திர அதிகாரியின் கண்ணால் பாருங்கள். முதல் பொருளைத் தனியாகச் சோதித்தால் அந்த அளவில் ஆபத்து இல்லை என்று அறிக்கை வரும். இரண்டாவதைத் தனியாகச் சோதித்தாலும் அப்படித்தான். இரண்டு அறிக்கையும் சரி. எலிக்கு மட்டும் கட்டி.

காரணம் இதுதான். ஒரு உயிரணு புற்றாக மாற ஒரே ஒரு பிசகு போதாது. மரபணு கெட வேண்டும், கெட்டதைத் திருத்தும் ஏற்பாடு தவற வேண்டும், ‘பெருகாதே’ என்ற கட்டளையை அது மதிக்காமல் விட வேண்டும், சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் இருக்க வேண்டும், தனக்கென இரத்தக் குழாய் இழுத்துக்கொள்ள வேண்டும், நோயெதிர்ப்பின் கண்ணில் படாமல் தப்ப வேண்டும். ஹனஹன், வைன்பேர்க் என்ற இருவர் 2000 இலும் மறுபடி 2011 இலும் இந்தத் தன்மைகளை ஒழுங்குபடுத்தி எழுதினார்கள். வீடு உடைக்க வரும் கூட்டம் மாதிரித்தான் இது: ஒருவன் நாய்க்கு இறைச்சி போடுவான், ஒருவன் பூட்டைப் பார்ப்பான், ஒருவன் கூரை ஓட்டைக் கழற்றுவான். பொலிஸ் ஒவ்வொருவனையும் தனியே விசாரித்தால் எவன் மீதும் களவு வழக்குப் போட முடியாது.

ஹலிஃபக்ஸ் செயற்றிட்டம் என்ற பெயரில் 28 நாடுகளைச் சேர்ந்த 174 அறிவியலாளர்கள் இதே கேள்வியோடு கூடி, 2015 இல் முடிவை வெளியிட்டார்கள். புற்றுநோய் உண்டாக்குவதாக முத்திரை குத்தப்படாத, நாங்கள் அன்றாடம் தொடும் 85 இரசாயனங்களை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 50, சுற்றாடலில் உண்மையாகவே காணப்படும் சிறிய அளவுகளிலேயே, மேலே சொன்ன வழிகளில் ஏதோ ஒன்றைத் தொடுவதற்கு ஆதாரம் இருந்தது. அவை ஒன்றுசேர்ந்து மனிதருக்குப் புற்றுநோய் கொடுத்தன என்று அவர்கள் நிரூபிக்கவில்லை. அப்படி நிரூபித்ததாக முகநூலில் எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை, நீங்களும் நம்ப வேண்டாம். அவர்கள் சொன்னது இவ்வளவுதான்: ஒவ்வொன்றாகப் பார்க்கும் முறையால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது.

எலியும் ஆய்வுகூடமும் போதும், மனிதருக்கு வருகிறேன்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் கட்டடங்களுக்கு வெப்பக்காப்பு அடிக்கும் தொழிலாளர்கள் நாள் முழுக்க அஸ்பெஸ்டஸ் தூசுக்குள் நின்றவர்கள். செலிகொஃப், ஹமண்ட் குழுவினர் அவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்து, அந்த வேலை செய்யாதவர்களோடு ஒப்பிட்டு 1979 இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஆண்டொன்றில் ஒரு இலட்சம் பேருக்கு எத்தனை பேர் நுரையீரல் புற்றால் இறந்தார்கள் என்ற கணக்கு. அஸ்பெஸ்டஸும் இல்லை, சிகரெட்டும் இல்லை என்றால் 11.3. அஸ்பெஸ்டஸ் மட்டும் என்றால் 58.4. சிகரெட் மட்டும் என்றால் 122.6. இரண்டும் சேர்ந்தால்? இரண்டின் மேலதிகத்தையும் வெறுமனே கூட்டினால் 170 அளவில் வர வேண்டும். வந்தது 601.6. ஏறத்தாழப் பெருக்கல் கணக்கு. பிற்காலத்து ஆய்வுகளில் பெருக்கம் இவ்வளவு கச்சிதமாக வரவில்லை, ஆனாலும் கூட்டலைவிட அதிகம் என்பதில் மாற்றம் இல்லை.

இந்த எண்களை மறுபக்கமாகவும் ஒரு தரம் படியுங்கள். நான் இந்த மடலை எழுதுவதே அதற்காகத்தான். 601.6 இலிருந்து சிகரெட்டைக் கழற்றினால் மிஞ்சுவது 58.4, பத்தில் ஒன்றுக்கும் குறைவு. அஸ்பெஸ்டஸைத் தொடவே இல்லை, அது உள்ளே போனது போனதுதான். சிகரெட்டை நேற்று விட்டவருக்கு இன்றைக்கே 58 ஆகிவிடாது, அபாயம் குறைய வருடங்கள் எடுக்கும். ஆனாலும் குறையும். கூட்டாக வரும் கெடுதியில் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒழிக்கத் தேவையில்லை. எதைக் கழற்றுவது மலிவோ அதைக் கழற்றினாலே பெரும்பங்கு சரிந்துவிடும். எது மலிவு என்று கண்டுபிடிக்க எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். அந்தத் தாள் எங்கள் மாவட்டத்தில் இல்லை.

அஸ்பெஸ்டஸ் எங்களுக்குத் தூரத்துச் சங்கதி அல்ல. யுத்தத்தில் உடைந்ததும் 2004 கடல்கோளில் நொறுங்கியதும் எத்தனை கூரை என்று நீங்களே அறிவீர்கள். உடைந்த துண்டுகள் பல இடங்களில் கோழிக்கூட்டுக்கும் வேலிக்கும் மறைப்பாகிவிட்டன. அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைப் படிப்படியாக நிறுத்தும் யோசனை கொழும்பில் இருந்தது. 2017 டிசம்பரில், எங்களுக்கு அஸ்பெஸ்டஸ் விற்கும் ரஷ்யா ஒரு வண்டைக் காரணம் காட்டி எங்கள் தேயிலையை நிறுத்தியதும் அந்த யோசனை பின்வாங்கப்பட்டது. சரி, கூரை முழுவதையும் மாற்ற இந்த நாட்டிடம் காசில்லை. கூரையாக அசையாமல் இருக்கும் சீற் பெரிய பிரச்சினையும் இல்லை. வெட்டும்போதும் துளைக்கும்போதும் உடைக்கும்போதும் பறக்கும் நார்தான் பிரச்சினை. அந்த வேலை செய்யும் மேசன்மாரும் தச்சர்மாரும் எங்கள் ஊரில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். கிரைண்டரை வைத்துவிட்டுக் கைவாளால், தண்ணீர் தெளித்து, முகமூடி போட்டு வெட்டச் சொல்லலாம். அவர்கள் சிகரெட்டை விட உதவி செய்யலாம். முதலாவது பிரதேச சபையின் வேலை, இரண்டாவது சுகாதாரப் பகுதியின் வேலை, ஆள் ஒரே ஆள்.

வெற்றிலைக்கு வருவோம். இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப்புற்று. அதற்கு வெளிநாட்டுத் தொழிற்சாலை எதுவும் தேவைப்படவில்லை. ஒரு வாய் வெற்றிலை என்பதே கலவைக்குப் படம் கீறி வைத்த உதாரணம். பாக்கிலிருந்தும் புகையிலையிலிருந்தும் நைட்ரோசமீன் என்ற வகைப் பொருட்கள் வருகின்றன, அவை மரபணுவைக் கெடுக்கும். சுண்ணாம்பு வாய்க்குக் காரத்தன்மை, அதாவது அமிலத்துக்கு எதிரான தன்மை, கொடுக்கிறது. அந்தக் காரத்தில் பாக்கின் பொருட்கள் ஒட்சிசன் கூறுகளை வெளிவிட்டுத் தோலை அரிக்கின்றன. பாக்கின் இன்னொரு கூறு தோலுக்கடியில் நாரைத் தடிக்க வைக்கிறது. வாய் மெல்ல மெல்லத் திறக்க முடியாமல் போகும் அந்த நிலையைப் பல் வைத்தியர்கள் நன்றாக அறிவார்கள். பிறகு சாராயம். அது வாயின் உட்தோலை மற்றவை இலகுவாக ஊடுருவும்படி செய்கிறது, தானும் உடைந்து அசற்றல்டிஹைட் ஆகிறது. அதுவும் மரபணுவுக்குப் பகை. சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் பாக்கையும், புகையிலை சேர்த்த, சேர்க்காத இரண்டு வகை வெற்றிலைப் பழக்கத்தையும், மதுவையும், புகையிலையையும் முதலாம் தொகுதியில், அதாவது மனிதருக்கு நிச்சயமாகப் புற்றுநோய் கொடுப்பவை என்ற வரிசையில் வைத்திருக்கிறது. சிகரெட்டும் மதுவும் சேரும்போது என்ன நடக்கும் என்று அமெரிக்காவில் 1988 இல் ஒரு பெரிய ஆய்வு பார்த்தது. இரண்டிலும் மிக அதிகமாக ஈடுபட்டவர்களுக்கு வாய், தொண்டைப் புற்றின் அபாயம் 35 மடங்குக்கு மேல்.

‘புகையிலை இல்லாமல்தான் போடுகிறேன், ஒன்றும் ஆகாது’ என்று கிளினிக்கில் சொல்லும் ஆச்சிமார் நிறையப் பேர். பாக்கு தனியாகவே முதலாம் தொகுதி என்பதை அவர்களுக்கு யாராவது பக்குவமாகச் சொல்ல வேண்டும். வெற்றிலை மரியாதைக்கு உரியது, அதைத் தட்டில் வைத்துக் கொடுப்பதில் எனக்கு வழக்கில்லை.

ஈரல் பற்றியும் ஒரு சொல். ஷாங்காயில் ஆண்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், பூஞ்சணம் பிடித்த தானியத்தில் வரும் அஃப்ளாநச்சு மட்டும் பட்டவர்களுக்கு ஈரல் புற்றின் அபாயம் 3.4 மடங்கு. ஹெப்பரைற்றிஸ் பி கிருமி மட்டும் இருந்தவர்களுக்கு 7.3 மடங்கு. இரண்டும் இருந்தவர்களுக்கு 59.4 மடங்கு. இங்கே ஒரு கூட்டாளி இரசாயனம், மற்றது கிருமி. எங்கள் நாட்டில் 2003 முதல் குழந்தைகளுக்கு அந்தக் கிருமிக்கு எதிராகத் தடுப்பூசி போடுகிறோம். நச்சை முழுதாக ஒழிக்க முடியாவிட்டாலும் கிருமியைக் கழற்றிவிட்டோம். மலிவானதைக் கழற்றுவது என்று நான் சொன்னது இதைத்தான்.

இப்போது வயல். இங்கே நான் கவனமாகப் பேச வேண்டும். பூச்சிமருந்தும் களைநாசினியும் எங்கள் மாவட்டத்தில் இத்தனை பேருக்குப் புற்றுநோய் கொடுத்தன என்று சொல்லும் கணக்கு எதையும் நான் கொண்டுவரவில்லை. ஆனால் கலவை என்ன செய்யும் என்பதற்குச் சாட்சி வயலிலேயே இருக்கிறது. மூத்த கமக்காரர்களுக்கு டிபிஏ என்ற களைநாசினி ஞாபகமிருக்கும். புரொபனில் என்பது அதன் இரசாயனப் பெயர். நெல்லை விட்டுவிட்டுப் புல்லை மட்டும் எரிக்கும். நெல்லில் அந்த மருந்தை உடைத்து எறியும் நொதியம் ஒன்று இருக்கிறது, புல்லில் அது போதிய அளவு இல்லை. அவ்வளவுதான் இரகசியம். அதே நாட்களில் சில வகைப் பூச்சிமருந்தையும் அடித்துவிட்டால் நெல்லும் சேர்ந்து கருகும். ஏனென்றால் அந்தப் பூச்சிமருந்து நெல்லின் நொதியத்தை முடக்கிவிடுகிறது. பூச்சிமருந்து தனியே நெல்லை ஒன்றும் செய்யாது, டிபிஏ தனியே நெல்லை ஒன்றும் செய்யாது. சேர்ந்தால் பயிர் போச்சு.

எங்கள் ஈரலும் அப்படி நொதியங்களால்தான் நஞ்சை உடைக்கிறது. மலத்தியன் என்ற பூச்சிமருந்து பாலூட்டிகளுக்கு ஓரளவு பாதுகாப்பானது என்று பெயர் எடுத்ததே உடம்பு அதைச் சீக்கிரம் உடைத்துவிடுவதால்தான். இ.பி.என். என்ற இன்னொரு மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது அதன் நஞ்சு பல மடங்கு ஏறியது 1950களிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. உடைக்கும் நொதியத்தை இ.பி.என். முடக்கியிருந்தது. 1976 இல் பாகிஸ்தானில் மலேரியாவுக்கு மலத்தியன் அடித்த தொழிலாளர்களில் ஏறத்தாழ 2,800 பேர் நஞ்சேறி விழுந்தார்கள், ஐந்து பேர் இறந்தார்கள். மருந்துக்குள்ளே களஞ்சியத்தில் உருவாகியிருந்த ஐசோமலத்தியன் என்ற மாசுதான் காரணம். அதுவும் அதே நொதியத்தைத்தான் முடக்கியது. மலேரியா இருந்த காலத்தில் எங்கள் வீட்டுச் சுவர்களுக்கும் மருந்தடிக்க வந்தார்கள், வெள்ளையாகக் காய்ந்த சுவரை என் வயதுக்காரர் மறந்திருக்க மாட்டார்கள். இவை உடனடி நஞ்சேற்றத்தின் கதைகள், புற்றுநோயின் கதைகள் அல்ல. ஆனால் நஞ்சை உடைக்கும் அதே ஈரல்தான் புற்றுநோய்க் காரணிகளையும் கையாள்கிறது. சேர்ந்து வரும்போது ஒன்றின் கழிவு மற்றதால் தடைப்படலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. மலத்தியன், டயசினோன் என்ற பூச்சிமருந்துகளையும் கிளைபோசேட் என்ற களைநாசினியையும் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2015 இல் 2ஏ தொகுதியில், அதாவது மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் கொடுப்பவை என்ற வரிசையில் வைத்தது. அந்த மதிப்பீடும் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே செய்யப்பட்டதுதான். டாங்கிக்குள் கலந்த கலவைக்கு யாரும் எண் கொடுக்கவில்லை.

தனியே பார்த்தால் விளைவு தெரியாத அளவு, சேர்ந்தால் தெரியும் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. லண்டனில் சில்வா, ராஜபக்‌ஷ, கோர்ட்டன்காம்ப் என்ற மூவர் 2002 இல் வெளியிட்ட ஆய்வில், பெண் ஹோர்மோனைப் போல நடிக்கும் எட்டு இரசாயனங்களை எடுத்தார்கள். ஒவ்வொன்றையும் விளைவு தென்படாத அளவுக்குக் கீழே வைத்தார்கள். எட்டையும் சேர்த்தபோது தெளிவான விளைவு வந்தது. எட்டுப் பூச்சியத்தைக் கூட்டினால் பூச்சியம் என்பது கணித வகுப்பில் சரி. இந்த எட்டும் பூச்சியம் இல்லை, எங்கள் அளவுகோல் பிடிக்காத சிறு எண்கள்.

எல்லாக் கலவையும் ஒன்றையொன்று தூக்கிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில ஒன்றையொன்று தடுக்கும். பல வெறுமனே கூடும், பெருகாது. ஒரே வழியில் வேலை செய்பவற்றைக் கூட்டிக் கணக்கிடுவது உலகில் இன்று பொதுவாக ஏற்கப்பட்ட ஆரம்பப்படி. அமெரிக்கா 1996 சட்டத்தில் ஒரே பொறிமுறை உள்ள பூச்சிமருந்துகளைச் சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்று எழுதிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் குடிநீரில் ஒவ்வொரு பூச்சிமருந்துக்கும் லீற்றருக்கு 0.1 மைக்ரோகிராம் என்று வைத்துவிட்டு, எல்லாம் சேர்ந்து 0.5 ஐத் தாண்டக்கூடாது என்று இரண்டாவது வரியையும் எழுதியிருக்கிறது. அந்த இரண்டாவது வரிதான் எனக்கு வேண்டும்.

எங்கள் மாவட்டத்துக்கே ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. பதவிசிறிபுரவில் சிறுநீரக நோய் எத்தனை குடும்பத்தைச் சாய்த்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அது புற்றுநோய் அல்ல. ஆனால் அதன் காரணத்தைத் தேடிய கதையைப் பாருங்கள்: ஒரு குழு கட்மியம் என்றது, ஒரு குழு ஆர்செனிக், ஒரு குழு புளோரைட், ஒரு குழு தண்ணீரின் வன்மை, ஒரு குழு கிளைபோசேட், ஒரு குழு வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது. வருடக்கணக்காக ஒற்றைக் குற்றவாளியைத் தேடினார்கள். எல்லாரும் ஏற்றுக்கொண்ட ஒரே குற்றவாளி இன்றுவரை அகப்படவில்லை. இப்போது பலர் பல காரணங்கள் சேர்ந்து என்று பேசுகிறார்கள். முதலிலேயே அந்த மனிதர்களின் தண்ணீர், மருந்து, வெயில், சாராயம், குடும்ப வரலாறு எல்லாவற்றையும் ஒரே ஏட்டில் எழுதியிருந்தால் இன்று கையில் ஏதாவது இருந்திருக்கும்.

தடை கேட்டு எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2015 இல் கிளைபோசேட்டைத் தடை செய்தோம், 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தினோம். 2021 இல் இரசாயன உரத்தையே ஒரே இரவில் நிறுத்தினோம், அந்த வருடம் முடிவதற்குள் திருப்பிக்கொண்டோம். இடைப்பட்ட காலத்தில் கந்தளாயிலும் மூதூரிலும் சேருவிலவிலும் வயல்காரர் பட்டதை நான் கண்டேன். திடீர்த் தடை அரசியல்வாதிக்குச் சுகம், சனங்களுக்கு நட்டம். எனக்கு வேண்டியது தாள்.

என்ன தாள் என்று விளக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவுக்கும் ஒன்று. அந்தப் பிரிவின் மருந்துக்கடைகளில் பெரும்போகத்தில் என்னென்ன விற்றது, சிறுபோகத்தில் என்னென்ன விற்றது. கிணறுகளிலும் குழாயிலும் எடுத்த நீர் மாதிரியில் என்னென்ன இருந்தது, எல்லாம் சேர்த்து எவ்வளவு. கந்தளாய்க் குளத்து நீர் வயலுக்கும் போகிறது, திருகோணமலை நகரத்துக் குழாய்களுக்கும் வருகிறது. ஆகவே வயலின் ஏட்டையும் குழாயின் ஏட்டையும் இரண்டு அலுமாரியில் வைப்பதில் அர்த்தமில்லை. குச்சவெளிப் பக்கத்து மணல் நிலத்தில் போடும் உரம் மழையோடு கிணற்றுக்கு இறங்கும். அதன் நைத்திரேற்று உடம்புக்குள் போய், வயிற்றில் வேறு பொருட்களோடு சேர்ந்து முன்சொன்ன நைட்ரோசமீன் வகையாக மாறக்கூடும். அங்கே தண்ணீரை அளப்பவரும் வெற்றிலையைப் பற்றிப் பேசுபவரும் ஒரே பொருள் வகையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இருவரும் சந்தித்ததே இல்லை.

அடுத்தது சீனக்குடா. மா ஆலை, சீமெந்து ஆலை, எண்ணெய்த் தாங்கிகள், துறைமுகத்துக்கு வந்துபோகும் பாரவண்டிகள், பக்கத்திலேயே குடியிருப்புகள். எண்ணெய்த் தாங்கிகளை விரிவாக்க 2022 இல் இந்தியாவோடு உடன்படிக்கை ஆகிவிட்டது, இன்னும் திட்டங்கள் வரும். அங்கே யாரும் விதி மீறவில்லை என்றே வைத்துக்கொள்வோம், நான் குற்றம் சாட்ட வரவில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் தனித்தனியே புதுப்பிக்கப்படுகிறது. காற்றுக்கு அந்த வேலி கிடையாது. டீசல் புகையும், மாசடைந்த வெளிக்காற்றும், பெற்றோலியப் பொருட்களில் இருக்கும் பென்சீனும், கல்லையும் மணலையும் உடைக்கும்போது பறக்கும் சிலிக்காத் தூசும் எல்லாமே முதலாம் தொகுதி. புதிதாக ஒரு திட்டத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு உங்கள் மேசைக்கு வரும்போது, ‘இது எவ்வளவு சேர்க்கும்’ என்று கேட்பதோடு நிற்காமல், ‘ஏற்கெனவே இருப்பதோடு சேர்ந்து எவ்வளவு’ என்ற கேள்வியையும் கேளுங்கள். பதில் எழுதித் தரும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, பேனையைக் கொஞ்சம் தாமதித்து எடுத்தால் போதும்.

விவசாயப் போதனாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தம்பிமார், தங்கச்சிமார், பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் விதைநெல்லும் தண்ணீர்த் திகதியும் பேசி முடித்ததும் டாங்கிக் கலவையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள். எதை எதோடு கலக்கக்கூடாது என்று போத்தலின் சீட்டில் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டுங்கள். பொடி எழுத்து, பாதிப் பேருக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது. மருந்தடிக்கும்போது வெற்றிலை போட வேண்டாம், சிகரெட் பற்ற வேண்டாம், சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் வாயைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். கேலி செய்வார்கள். டிபிஏ கதையைச் சொன்னால் கேலி நின்றுவிடும். நெல் கருகினது எல்லாருக்கும் தெரியும்.

சுகாதாரப் பகுதியிடம்: வாய்ப் பரிசோதனைக்கு ஆட்கள் கிளினிக்குக்கு வருவார்கள் என்று காத்திருக்காமல் கமநல சேவை நிலையத்துக்கும் மீன்பிடித் துறைக்கும் பல் வைத்தியரைக் கூட்டிப் போங்கள். உரத்துக்கும் மருந்துக்கும் எரிபொருளுக்கும் அங்கே எப்படியும் வரிசையில் நிற்கிறார்கள். வாயில் ஆறாத வெள்ளைப் படலமோ சிவப்புப் படலமோ இருக்கிறதா என்று பார்க்க டோர்ச் லைட்டும் இரண்டு நிமிடமும் போதும். பார்க்கும்போது வெற்றிலையா, சிகரெட்டா, சாராயமா என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம் வேண்டாம். எல்லாம் ஒரே வரியில், கூடவே தொழில் என்ன, மருந்தடிப்பாரா, வள்ளத்துக்குப் பைபர் கிளாஸ் பூசுவாரா, வெல்டிங் செய்வாரா, எந்த ஊரில் எத்தனை வருடம் என்றும் எழுதுங்கள். நோய் கண்டு மஹரகமவுக்கோ தெல்லிப்பழைக்கோ மட்டக்களப்புக்கோ புற்றுநோய்ச் சிகிச்சைக்கு அனுப்பும்போது அந்த ஒரு வரியும் கடிதத்தோடு போகட்டும்.

பெண்களை மறந்துவிடாதீர்கள். மருந்தடித்த சட்டையைக் கையால் தோய்ப்பவர்கள் அவர்கள், விறகடுப்புப் புகையை மணிக்கணக்காகக் குடிப்பவர்கள் அவர்கள். வெங்காயத் தோட்டங்களில் களை பிடுங்குவதும் பெரும்பாலும் அவர்கள்தான். ‘உங்கள் தொழில் என்ன’ என்று படிவம் கேட்டால் ‘வீட்டுவேலை’ என்று எழுதிவிடுவார்கள், அதோடு இவ்வளவும் மறைந்துபோகும்.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். நீர் மாதிரிப் பரிசோதனைக்குக் காசு வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. பேராதனைக்கோ கொழும்புக்கோ மாதிரி அனுப்பப் போக்குவரத்தும் வேண்டும். ஆனால் நான் கேட்பதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே யாரோ ஒருவரின் மேசையில் இருக்கிறது. விற்பனைக் கணக்கு கடைக்காரரிடம், அனுமதிப்பத்திரக் கோப்பு சுற்றாடல் அலுவலகத்தில், நோயாளர் பதிவு வைத்தியசாலையில். ஆறு பேரும் போகத்துக்கு ஒரு தடவை, வருடத்தில் இரண்டு தடவை, ஒரே மேசையில் உட்கார்ந்தால் தாளின் முக்கால்வாசி நிரம்பிவிடும். மாவட்டச் செயலகத்தில் அதற்கு ஒரு அறை இல்லாமலா போகும்?

முதல் கூட்டத்தை இந்தப் பெரும்போகம் தொடங்குவதற்கு முன் வையுங்கள், மருந்துக்கடைக் கணக்கு அப்போதுதான் சூடாகக் கிடைக்கும். முதல் தாளுக்குத் தம்பலகாமத்தையும் சீனக்குடாவையும் எடுத்துக்கொள்ளலாம்: ஒன்று வயல், ஒன்று ஆலை. கீறித் தர, எண்களைக் கூட்டித் தர, நைட்ரோசமீனை விளங்கப்படுத்த ஆள் வேண்டுமென்றால் சம்பளம் இல்லாமல் வர நான் தயார். என்னிடம் படித்தவர்கள் சிலர் உங்கள் அலுவலகங்களிலேயே வேலை செய்கிறார்கள். அவர்களிடம் சொல்லிவிட்டால் தகவல் எனக்கு வந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.